பிபிசியின் ஒற்றைத் திரைமொழி

லண்டனில் பிபிசியின் வடிவமைப்புக் குழுவினர் தங்கள் இணையதளத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டே போனார்கள். செய்தி, விளையாட்டு, வானிலை, சமையல், குழந்தைகள் நிகழ்ச்சி, வானொலி என்று சுவர் நிறைந்ததும் தள்ளி நின்று பார்த்தார்கள். எல்லாம் ஒரே நிறுவனத்தின் பக்கங்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மேற்பட்டை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி, அடுத்த பக்கத்தில் வேறு மாதிரி. எழுத்துருவும் நிறமும் துறைக்குத் துறை மாறின. உலகம் முழுக்க ஒரே குரலில் செய்தி சொல்லிப் பெயர் வாங்கிய நிறுவனம், திரையில் நூறு முகங்களோடு நின்றது. அந்தச் சுவருக்கு அவர்களே வைத்த பெயர் ‘அவமானச் சுவர்’.

அங்கே தொடங்கிய வேலைதான் 2010 பிப்ரவரியில் ‘குளோபல் எக்ஸ்பீரியன்ஸ் லாங்குவேஜ்’ என்ற பெயரில் வெளிவந்தது. சுருக்கமாக ‘ஜெல்’. வெளியிலிருந்து வந்த ஒரு வடிவமைப்பு நிறுவனமும் பிபிசியின் உள்குழுவும் சேர்ந்து எழுதிய விதிநூல் அது. பிறகு பல நிறுவனங்கள் வந்தன, வேலை செய்தன, போயின. விதிநூல் மட்டும் பிபிசியின் கையை விட்டுப் போகவே இல்லை. ஒளிபரப்பு நிறுவனங்களும் வடிவமைப்பு ஏஜென்சிகளும் வைத்துக்கொள்ளும் நீண்டகால உறவைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது.

வளர்ந்ததால் வந்த வினை

இந்தக் குழப்பத்துக்குச் சோம்பேறித்தனத்தைக் காரணம் சொல்ல முடியாது. வெற்றிதான் காரணம். 1997 நவம்பர் 4 அன்று பிபிசி நியூஸ் ஆன்லைன் தொடங்கியது. அந்த ஆண்டின் பிரிட்டன் பொதுத் தேர்தலும், ஆகஸ்ட் இறுதியில் இளவரசி டயானாவின் மரணமும், செய்திக்காக மக்கள் இணையத்தைத் தேடி வருவார்கள் என்பதை அதற்கு முன்பே நிறுவனத்துக்குக் காட்டியிருந்தன. தொலைக்காட்சித் திரையில் எழுத்தாகச் செய்தி தரும் ‘சீஃபாக்ஸ்’ சேவையை 1974 முதலே நடத்திய அனுபவமும் பிபிசிக்கு இருந்தது. சின்னத் திரையில் சில சொற்களுக்குள் விஷயத்தை முடிக்கும் வித்தை அங்கே பழகியதுதான். பிபிசி இணையதளத்தின் தலைப்புகள் நெடுங்காலம் 31 முதல் 33 எழுத்துகளுக்குள் நின்றதற்கும் சீஃபாக்ஸ் திரையின் அகலமே காரணம்.

தளம் வளர்ந்த வேகத்துக்கு மேலிருந்து யாரும் கடிவாளம் போடவில்லை. சமையல் நிகழ்ச்சிக்குத் தனித்தளம், தோட்டக்கலைக்குத் தனித்தளம், ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கும் தனித்தளம். அவரவர் பணம், அவரவர் குழு, அவரவர் ரசனை. 2004 ஜூலையில் பிலிப் கிராஃப் தலைமையிலான அரசின் ஆய்வறிக்கை வந்தது. பிபிசியின் இணையப் பணி தனியார் நிறுவனங்களை நசுக்குகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. செய்தி நீங்கலான இணைய உள்ளடக்கத்தில் 25 சதவீதமாவது வெளியாரிடம் கொடுக்கப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பிபிசி சில தளங்களை மூடியது. ஏஜென்சிகளுக்குக் கதவையும் அகலத் திறந்தது.

நல்ல நோக்கம்தான். மக்கள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் சின்ன நிறுவனங்களையும் வாழவைக்கட்டும் என்பதில் தவறில்லை. ஆனால் பொதுவான விதி ஒன்று இல்லாத இடத்தில் பல கைகள் நுழைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஏஜென்சியும் தன் திறமையைக் காட்டும். பார்வையாளருக்கோ ஒவ்வொரு பக்கமும் புது ஊர். பட்டியல் எங்கே, தேடல் பெட்டி எங்கே என்று முதலிலிருந்து வழி கற்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பிபிசி இணைய முகவரியின் கீழ் முதல்நிலைப் பிரிவுகள் மட்டும் சுமார் 400.

அச்சுலகத்திலிருந்து வந்த கை

திரை வடிவமைப்புக்குப் பிபிசி அழைத்தது அச்சு உலகில் பேர்போன ஒருவரை. நெவில் பிராடி, 1980-களில் ‘தி ஃபேஸ்’ இதழின் பக்கங்களை வடிவமைத்து ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றியவர். 2006-இல் லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் புதிய தோற்றமும் அவருடைய ‘ரிசர்ச் ஸ்டுடியோஸ்’ நிறுவனத்தின் கைவண்ணம். எழுத்தின் அளவும் இடைவெளியும் வாசகரை எப்படிக் கைப்பிடித்து அழைத்துப் போகும் என்று தெரிந்தவர். பிபிசிக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான். அலங்காரம் அங்கே ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருந்தது.

பிபிசி தரப்பில் இந்தப் பணியை நடத்தியவர் பிரான்வின் வான் டெர் மெர்வே. வெளியாரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஏற்பாடாக இது இல்லை. இரண்டு குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்தன. பக்கத்தின் அகலம் 976 பிக்சல் என்று முடிவானது. அதன் அடியில் எல்லாமே 16-இன் மடங்குகள்: 16 பிக்சல் அகலத்தில் 31 பத்திகள், இடையில் 16 பிக்சல் இடைவெளிகள். படம், தலைப்பு, பட்டியல் எதுவானாலும் அந்தக் கட்டத்துக்குள் உட்கார வேண்டும். தலைப்புகள் பெரிதாகவும் தடிமனாகவும் வந்தன; படங்கள் விரிந்தன. வெளிநாட்டு வாசகர்களுக்கான பக்கங்களில் 2007 முதல் விளம்பரம் வரத் தொடங்கியிருந்ததால், வலப்பக்கத்தில் அதற்கும் இடம் விட்டே கட்டம் போடப்பட்டது.

கேட்பதற்கு வறண்ட கணக்குதான். ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் இது செய்யும் மாற்றம் பெரிது. தலைப்பு என்ன அளவில் இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டு வாதாட வேண்டியதில்லை, விதியில் இருக்கிறது. புதிதாக வரும் ஏஜென்சிக்கு ஆறு மாதம் பாடம் எடுக்க வேண்டியதில்லை; விதிநூலைக் கொடுத்தால் போதும். வாதாட வேண்டிய இடம் உள்ளடக்கம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பிபிசி இன்னும் ஒரு படி மேலே போய் அந்த விதிநூலை உலகமே பார்க்கும்படி வெளியிட்டது. போட்டி நிறுவனமும் படிக்கலாம், கல்லூரி மாணவரும் படிக்கலாம்.

விதிநூலில் ஓர் அழகான விவரம் பின்னாளில் சேர்ந்தது. எழுத்தளவுகளுக்கு எண்களை மட்டும் வைக்காமல் பழைய ஈய அச்சுக் காலத்துப் பெயர்களைச் சூட்டினார்கள். கேனன், டிராஃபல்கர், கிரேட் பிரைமர், பைக்கா, லாங் பிரைமர், பிரீவியர், மினியன். அச்சுக்கோப்பவர்கள் எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தைப் பொறுக்கிய காலத்தில் இங்கிலாந்தின் அச்சகங்களில் புழங்கிய பெயர்கள். இன்று அவை கைபேசித் திரையின் நிரல் வரிகளில் வாழ்கின்றன.

மக்கள் சும்மா இருப்பார்களா?

புதிய வடிவில் பிபிசி செய்தித்தளம் 2010 ஜூலையில் வந்தது. பழக்கப்பட்ட இடத்தில் பழக்கப்பட்டது இல்லையென்றால் எரிச்சல் வரும், வந்தது. 2012 பிப்ரவரியில் விளையாட்டுத் தளம் மஞ்சள் நிறத்துக்கு மாறியபோதும் வாசகர்கள் கொட்டித் தீர்த்தார்கள். தனியார் நிறுவனத்துக்கு இது விமர்சனம் மட்டுமே. பிபிசிக்கு அப்படி இல்லை. அன்றைக்குத் தொலைக்காட்சி பார்க்கும் குடும்பங்கள் பொதுவாக ஆண்டுக்கு 145.50 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டின. ‘என் பணத்தில் என் பக்கத்தை ஏன் மாற்றினாய்?’ என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது.

அந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கடிகாரம் சாட்சி. பிபிசி முகப்புப் பக்கத்தின் மூலையில் முள் கடிகாரம் ஒன்று இருந்தது. பழைய தொலைக்காட்சிக் காலத்தை நினைவூட்டும் அழகான சின்னப் பொருள். அது பிபிசியின் நேரத்தைக் காட்டவில்லை, பார்ப்பவரின் கணினியில் என்ன நேரமோ அதைத்தான் காட்டுகிறது என்று ஒருவர் புகார் செய்தார். கணினியில் நேரம் தவறு என்றால் பிபிசி காட்டுவதும் தவறுதானே? விவகாரம் 2013-இல் நிறுவனத்தின் அன்றைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட் வரை போனது. சரியான நேரம் காட்டும்படி மாற்ற ஏறத்தாழ 100 பணிநாள்கள் ஆகும் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. கடைசியில் கடிகாரத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மூலைக் கடிகாரத்துக்கே நூறு பணிநாள் என்றால், தளம் முழுவதையும் அழித்துவிட்டு ஒரே மூச்சில் புதிதாகக் கட்டுவேன் என்று வாக்குக் கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பொதுமக்கள் நம்பும் ஒளிபரப்பாளரின் திரையில் சின்னது என்று எதுவுமில்லை.

2011 ஜனவரியில் வந்தது அடுத்த அடி. உரிமக் கட்டணம் உறைந்துபோன நிலையில், இணையப் பிரிவின் செலவில் கால்பங்கு, அதாவது 34 மில்லியன் பவுண்டு வெட்டப்பட்டது. 360 வேலைகள் பறிபோயின. அந்த 400 முதல்நிலைப் பிரிவுகளில் பாதியை மூடுவதென்று முடிவானது. சிதறிக்கிடந்த தளங்கள் செய்தி, விளையாட்டு, வானிலை, நிகழ்ச்சிகளைக் காணும் ஐபிளேயர் என்று பத்துப் பிரிவுகளுக்குள் வந்தன. வேலையிழந்தவர்களுக்கு எந்த விதிநூலும் ஆறுதல் தராது. ஆனால் மிஞ்சியவர்கள் தளத்தை விழாமல் நடத்த முடிந்ததற்கு, ஓராண்டு முன்பே பொதுவிதி எழுதி முடித்திருந்தது பெரிய காரணம் என்றே சொல்ல வேண்டும்.

பரீட்சை 2012 லண்டன் ஒலிம்பிக்கில். எல்லா அரங்கங்களின் எல்லாப் போட்டிகளையும் காட்டுவோம் என்று அறிவித்த பிபிசி, ஒரே நேரத்தில் 24 எச்.டி. நேரலைகளை ஓடவிட்டது. மொத்தம் 2,500 மணி நேரம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தனித்தனிப் பக்கம். அவற்றை யாரும் கையால் கட்டவில்லை. செய்திக்குப் பெயர்க்குறி இட்டால் பக்கம் தானே உருவாகும் முறையை 2010 உலகக் கோப்பைக் கால்பந்திலேயே பழகியிருந்தார்கள். சைக்கிள் வீரர் பிராட்லி விகின்ஸ் தங்கம் வென்ற நாளில் பிபிசி தளம் அனுப்பிய தரவு 2.8 பெட்டாபைட். பக்கத்தின் வடிவம் முன்கூட்டியே முடிவாகியிருந்ததால்தான் இயந்திரத்தால் அவ்வளவு பக்கங்களைக் கட்ட முடிந்தது.

சாவியைக் கொடுத்தால்

நீண்டகாலக் கூட்டு என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பிபிசியின் இன்னொரு கதை அதற்கு நேர் எதிர்.

2004-இல் பிபிசி தன் தொழில்நுட்பக் கிளையை சீமென்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. கூடவே பத்தாண்டு ஒப்பந்தம். மதிப்பு சுமார் 2 பில்லியன் பவுண்டு என்று பேசப்பட்டது. காலங்காலமாகப் பிபிசியின் கருவிகளைத் தெரிந்து வைத்திருந்த ஊழியர்கள் ஒரே கையெழுத்தில் வேறு நிறுவனத்தின் ஆட்களானார்கள். அந்த ஒப்பந்தத்தின் நிழலில், தனியாகப் போட்டி டெண்டர் விடாமலே, 2008 பிப்ரவரியில் டிஎம்ஐ என்ற ‘டிஜிட்டல் மீடியா இனிஷியேட்டிவ்’ திட்டத்தின் வேலையும் சீமென்ஸிடம் போனது. ஒளிநாடாவே இல்லாமல், படப்பிடிப்பிலிருந்து ஆவணக் காப்பகம் வரை எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவருவது இலக்கு. ஓராண்டு கடந்தும் வேலை நகரவில்லை. 2009 ஜூலையில் ஒப்பந்தம் முறிந்தது. பிபிசி வேலையை உள்ளே எடுத்துக்கொண்டது.

உள்ளே வந்த பிறகும் தேறவில்லை. 2013 மே மாதம் புதிய தலைமை இயக்குநர் டோனி ஹால் திட்டத்தையே நிறுத்தினார். 98.4 மில்லியன் பவுண்டு மக்கள் பணம் போனது போனதுதான். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு பிபிசியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டது.

வெளியார் கெட்டவர், உள்ளார் நல்லவர் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாதபடி இந்தத் தோல்வி இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஜெல் உருவானபோது, எது நல்லது எது கெட்டது என்று தீர்மானிக்கத் தெரிந்தவர்கள் பிபிசியின் மேசையிலேயே இருந்தார்கள். நெவில் பிராடியின் குழு அவர்களோடு சேர்ந்து வரைந்தது. டிஎம்ஐ திட்டத்தில் தெரிந்தவர்களை முதலிலேயே விற்றாயிற்று. பிறகு வேலை திரும்பி வந்தபோது, முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று மேலிடத்துக்கு ஒழுங்காகச் சொல்லவும் ஏற்பாடு இல்லை. கொத்தனாரை வெளியிலிருந்து கூப்பிடலாம். வீட்டின் வரைபடமும் சாவியும் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும்.

ஜெல் வழியில் வந்த அடுத்தடுத்த உறவுகளில் அந்த ஒழுங்கைப் பார்க்கலாம். 1997 முதல் பிபிசியின் சின்னத்தில் இருந்தது கில் சான்ஸ் எழுத்துரு. அச்சுக்காக 1920-களில் வரையப்பட்டது. சின்னத் திரையில் தடுமாறும். மற்றவர்களின் எழுத்துருக்களுக்கு உரிமத்தொகை கட்டுவதும் தீராத செலவு. எனவே லண்டனின் ‘டால்டன் மாக்’ எழுத்துரு நிறுவனத்துடன் சேர்ந்து பிபிசி தனக்கென ஓர் எழுத்துருவை உருவாக்கியது. நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத்தின் பெயரால் ‘பிபிசி ரீத்’. 2017-இல் விளையாட்டுத் தளத்தில் முதலில் இறங்கியது. அந்த விளையாட்டுப் பிரிவின் புதிய தோற்றத்தை வரைந்தது ‘ஸ்டுடியோ அவுட்புட்’ என்ற இன்னொரு நிறுவனம். அரபு எழுத்துக்கு ‘ரீத் கலம்’ வந்தது. பார்வையற்றோரும் பயன்படுத்தத்தக்க பக்கக்கூறுகளை எப்படி எழுதுவது என்ற தொழில்நுட்ப வழிகாட்டிகளுக்கு அத்துறையில் பெயர்பெற்ற ஹேடன் பிக்கரிங் உழைத்தார். ஒவ்வொரு முறையும் ஆள் வேறு, விதிநூல் ஒன்று.

தமிழுக்கு என்ன கிடைத்தது?

1941-இல் தமிழில் ஒலிக்கத் தொடங்கியது பிபிசி. ‘தமிழோசை’யைச் சிற்றலையில் தேடிப் பிடித்து, இரைச்சலுக்கு நடுவே காதை வைத்துக் கேட்ட குடும்பங்கள் இலங்கையிலும் தமிழகத்திலும் எத்தனையோ. போர்க்கால இலங்கையில் அது பலருக்கு உயிர்ச்செய்தி. 2017 ஏப்ரல் இறுதியோடு அந்த வானொலி ஒலிபரப்பு நின்றது. அன்றிலிருந்து தமிழருக்குப் பிபிசி என்றால் திரைதான். லண்டனில் போடப்படும் கட்டத்தின் அளவு மதுரையிலும் மட்டக்களப்பிலும் ஒருவர் செய்தி படிக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் நிலை அப்படி வந்தது.

பல மொழிகளில் செய்தி தரும் பிபிசி உலக சேவையின் வாசகர்களிடம் விலை உயர்ந்த போன் இருக்கும் என்று நினைக்க முடியாது. 2012 வாக்கிலேயே பிபிசியின் செய்தித் தொழில்நுட்பக் குழு ஒரு வழி கண்டது. எந்தப் போன் வந்து தட்டினாலும் முதலில் எழுத்து மட்டும் உள்ள எளிய பக்கத்தைக் கொடுத்துவிடுவது. பிறகு அந்தப் போனுக்குத் திராணி இருக்கிறதா என்று இரண்டு மூன்று சின்னச் சோதனைகள். தேறினால் படமும் வசதிகளும் சேரும். தேறாவிட்டாலும் செய்தி கையில் இருக்கும். பழைய நோக்கியாவில் படிப்பவரும் வாசகர்தான் என்ற மரியாதை அதில் இருக்கிறது. இந்தத் தலைமுறை மென்பொருள்களில் இதைவிட மனிதத்தன்மையான முடிவு அதிகம் இல்லை.

2018 வாக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழித் தளங்களை ஒரே நிரலின் கீழ் கொண்டுவரும் வேலை தொடங்கியது. பெயர் ‘சீமுர்க்’, பாரசீகப் புராணப் பறவை. தமிழ்ப் பக்கமும் இந்தப் பறவையின் சிறகில்தான் வருகிறது. ஒரு மொழிக்குச் செய்த திருத்தம் எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேரும். ஆனால் எல்லா மொழிகளையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதுதான் இதில் பாராட்ட வேண்டியது. ஆங்கிலத்துக்குப் போட்ட எழுத்தளவைத் தமிழுக்கு அப்படியே போட்டால் என்ன நடக்கும் என்று இங்கே பக்கம் வடிவமைப்பவர்களுக்குத் தெரியும். மேலே இகரச் சுழியும் கீழே உகரக் காலும் வரிகளுக்கு இடையே முட்டிக்கொள்ளும். ‘நாடாளுமன்றத்தில்’ போன்ற ஒரு சொல்லே சின்னப் போனில் வரியை அடைத்துக்கொண்டு வெளியே வழியும். ஜெல் விதிகளில் இலத்தீன், அரபு, வங்கம், எத்தியோப்பிய எழுத்துகளுக்கு இருப்பதுபோலவே தமிழுக்கும் எழுத்தளவு, வரியிடைவெளி ஆகியவற்றின் தனிப் பட்டியல் இருக்கிறது. மேலே சொன்ன அதே கேனன், பைக்கா, பிரீவியர் பெயர்களின் கீழ், தமிழுக்கென்றே குறித்த எண்கள்.

நம் ஒளிபரப்பாளர்களின் நிலைமை வேறு. தமிழில் எத்தனை செய்தித் தொலைக்காட்சிகள் இருக்கின்றன! அவற்றின் தளங்கள் பலவற்றில் தலைப்பின் ஒற்றுப்புள்ளி மேல்வரியில் இடிக்கிறது. விளம்பரம் செய்தியை மூடுகிறது. வீடியோ கேட்காமலே கத்தத் தொடங்குகிறது. ஒரு ஏஜென்சி கட்டித்தருகிறது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது வந்து இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறது. பழையது ஏன் அப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. குறை ஏஜென்சிகளின் திறமையில் இல்லை. தங்கள் தளம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளாத நிர்வாகங்களில்தான் இருக்கிறது.

ஜெல் விதிநூல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. சீமுர்க் நிரலை, அதிலுள்ள தமிழ் அளவுப் பட்டியலோடு, கிட்ஹப் தளத்தில் எவரும் பார்க்கலாம்; காசு கேட்பதில்லை. தமிழ்த் தொலைக்காட்சி நிர்வாகிகள் அடுத்த ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தங்கள் ஆசிரியர் குழுவையும் தொழில்நுட்பக் குழுவையும் ஒன்றாக உட்காரவைத்து அதைப் படிக்கச் செய்யட்டும். வேலை முடிந்து ஏஜென்சி கிளம்பும்போது நிரலும் விதிநூலும் தமிழ் எழுத்தளவுப் பட்டியலும் நிறுவனத்திடமே தங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக எழுதட்டும்.